வடிகாலை அடைக்கும் புரதம்: கண் அழுத்த நோயின் ஒரு வேரும் ஆரணி நெசவாளர் பார்வையும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவால் பெயர்பெற்ற ஊர். பாவில் அறுந்த இழையைக் கண்டறிந்து முடிச்சிடுவதும், ஜரிகையின் போக்கைக் கவனித்துக் கரையும் முந்தியும் பிசகாமல் ஊடை செலுத்துவதும் கூர்மையான நடுப்பார்வையை நம்பி நடக்கும் வேலைகள். கண் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமா, பெரும்பாலும் பார்வையின் ஓரங்களைச் சார்ந்த பகுதிகளை முதலில் பறித்து, நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கும் இயல்புடையது. எனவே, இழை தெளிவாகத் தெரியும்வரை கண்ணில் குறையில்லை என்று கருதும் நெசவாளர் ஒருவரிடம் இந்நோய் நெடுங்காலம் வெளிப்படாமல் இருந்துவிட இடமுண்டு. நெசவுத் தொழில் இந்நோய்க்குக் காரணம் என்று இதனால் கொள்ள வேண்டியதில்லை. நுண்ணிய கைவேலையில் வாழும் ஊர் ஒன்று இந்நோயின் தோற்றத்தை அறிந்திருக்க வேண்டிய தேவை மற்ற ஊர்களைவிட மிகுதி என்பதே கருத்து.

கண்ணுக்குள் அழுத்தம் உயர்வதற்குரிய காரணங்களுள் ஒன்றாகப் புரதத் தேக்கம் அண்மைப் பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. அந்த ஆராய்ச்சியின் முடிவுகளைத் தொகுத்து நோக்கினால் புலப்படுவது இது: புரதத்தின் மொத்த அளவு மட்டுமே கேட்டை விளைவிப்பதில்லை, இருக்கக் கூடாத இடத்தில் இருத்தல், பிழையான வடிவில் மடிதல், அகற்றப்படாமல் தங்குதல் ஆகிய மூன்றில் ஒன்றோ பலவோ சேரும்போதே அது நோயாகிறது. இந்த மூன்றில் எது எந்த வகை நோயில் முதன்மையானது என்பதைப் பிரித்தறிவது, தடுப்பதற்கும் சிகிச்சைக்கும் வழிகாட்டுகிறது.

கண்ணின் நீரோட்டம்

கருவிழிக்கும் விழிவில்லைக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஒரு தெளிந்த நீர்மம் நிரப்பியிருக்கிறது. கருவிழியிலும் வில்லையிலும் இரத்தக் குழாய்கள் இருந்தால் ஒளி தடைபடும் என்பதால், அவற்றுக்கு வேண்டிய ஊட்டத்தைக் கொடுத்துக் கழிவை ஏற்றுச் செல்லும் பொறுப்பு இந்த முன்னறை நீருக்கு உரியது. வில்லையைச் சுற்றியுள்ள சிலியரித் திசு இதனை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோலிட்டர் என்ற அளவில் சுரக்கிறது. நீர் பாவையின் வழியே முன்னறைக்கு வந்து, கருவிழியும் ஐரிஸ் எனப்படும் நிறத்திரையும் சந்திக்கும் கோணத்தை அடைந்து, அங்குள்ள சல்லடை போன்ற வலைத்திசுவில் ஊடுருவி, அதன் பின்னாலுள்ள ஷ்லெம் கால்வாய் வழியாக இரத்த ஓட்டத்தில் கலக்கிறது. சுரப்பும் வடிதலும் சமமாக இருக்கும்வரை கண்ணின் உள்ளழுத்தம் பெரும்பாலானோரில் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கிறது. வடிதல் தடைபட்டால் அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் கண்ணின் பின்புறத்தில் ஏறத்தாழ 10 முதல் 12 இலட்சம் நரம்பிழைகளின் கட்டாக வெளியேறும் பார்வை நரம்பைத் தாக்குகிறது. அவ்வாறு அழிந்த இழைகள் மீண்டும் வளர்வதில்லை.

இந்த நீரின் தனித்தன்மை அதில் புரதம் மிகக் குறைவாக இருப்பதாகும். இரத்தத்தின் நீர்மப் பகுதியில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம் புரதம் இருக்க, முன்னறை நீரில் அதில் இருநூறில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. சிலியரித் திசுவிலும் ஐரிஸின் இரத்தக் குழாய்களிலும் உள்ள செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, பெரிய புரத மூலக்கூறுகள் கண்ணுக்குள் கசியாமல் தடுக்கின்றன. இதனை இரத்த-முன்னறைத் தடுப்பு என்பர். கண்ணின் உட்புற அழற்சியில் இத்தடுப்பு தளர்ந்து புரதம் கசியும்போது, நுண்ணோக்கி விளக்கின் ஒளிக்கற்றை தூசி நிறைந்த அறையில் விழும் வெயில்கீற்றுப் போல முன்னறையில் புலப்படும். வடிகால் வலைத்திசுவும் குறைந்த புரதத்தைக் கையாளும் வகையிலேயே அமைந்தது. அதன் செல்கள், வந்து சேரும் துகள்களை விழுங்கிச் செரிப்பதன் மூலமும், தம்மைச் சுற்றிய இழைக்கட்டமைப்பைத் தொடர்ந்து கரைத்துப் புதுப்பிப்பதன் மூலமும் வடிகாலைத் திறந்துவைக்கின்றன. வயது ஏற ஏற இச்செல்களின் எண்ணிக்கை குறைகிறது. ஆகவே தேக்கத்தைச் சமாளிக்கும் ஆற்றலும் குறைகிறது.

தமிழ் நிலத்தின் கணக்கெடுப்புகள்

இந்தியாவில் 40 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 1 கோடியே 12 இலட்சம் பேர் கண் அழுத்த நோயுடையோர் என்று 2010-இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. இம்மதிப்பீட்டுக்கு உதவிய களஆய்வுகளுள் பல தமிழகத்தில் நடந்தவை. ஆரணிக்கு மிக அண்மையில் நடந்தது வேலூர்க் கண் ஆய்வு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 972 நகரவாசிகளைப் பரிசோதித்து 1998-இல் வெளியிட்ட முடிவின்படி, கோணம் மூடிய வகை நோய் 4.32 விழுக்காட்டினரிடமும், கோணம் திறந்த வகை 0.41 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. பின்னர்ச் சங்கர நேத்ராலயாவின் சென்னைக் கிளாக்கோமா ஆய்வு, 40 வயதைக் கடந்தோரிடையே கோணம் திறந்த வகை கிராமப்புறத்தில் 1.62 விழுக்காடும் நகரத்தில் 3.51 விழுக்காடும் இருப்பதைக் கண்டது. மூடிய வகை இரு இடங்களிலும் ஒரு விழுக்காட்டுக்குக் குறைவாகவே இருந்தது. நோயை வரையறுத்த முறையும் ஆராயப்பட்டோரின் வயதும் வேறுபட்டதால் இவ்வெண்களை நேருக்கு நேர் ஒப்பிட இயலாது என்றாலும், இரு வகையும் இப்பகுதி மக்களிடம் உள்ளன என்பதும், நோயுடையோரில் மிகப் பெரும்பாலோர் அதற்குமுன் அதனை அறிந்திருக்கவில்லை என்பதும் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகின்றன.

இவ்விரு வகைகளின் வேறுபாடு இங்கு முக்கியமானது. கோணம் மூடிய வகையில் ஐரிஸ் முன்னோக்கி நகர்ந்து வலைத்திசுவையே மறைத்துவிடுகிறது. அது பெரிதும் கண்ணின் உடலமைப்பைச் சார்ந்த தடை. கோணம் திறந்த வகையில் நீர் வலைத்திசுவைத் தடையின்றி அடைந்தும் அதனுள் ஊடுருவ முடியாமல் நிற்கிறது. அத்தடை எதனால் ஆனது என்ற கேள்விக்கான விடையிலேயே புரதம் இடம்பெறுகிறது.

முற்றிய புரையிலிருந்து கசியும் புரதம்

புரதத்தால் அழுத்தம் உயர்வதற்கு மிகத் தெளிவான சான்று, முற்றிய கண்புரையால் வரும் அழுத்த நோயாகும். விழிவில்லையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதமே. உடலின் வேறெந்தத் திசுவிலும் இவ்வளவு செறிவு இல்லை. கிரிஸ்டலின் எனப்படும் இப்புரதங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால்தான் வில்லை ஒளி ஊடுருவத் தக்கதாக இருக்கிறது. அவற்றுள் ஆல்ஃபா கிரிஸ்டலின், மற்றப் புரதங்கள் வடிவம் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் துணைப்புரதமாகவும் செயல்படுகிறது. வயதாகும்போது இக்காப்பு தீர்ந்து, புரதங்கள் திரண்டு ஒளியைச் சிதறடிப்பதே கண்புரை. புரை அளவுக்கு மீறி முற்றினால் வில்லையின் புறப்பகுதி பால்போல் உருகி, அதன் உறை வழியே புரதம் முன்னறை நீரில் கசிகிறது. கசிந்தவற்றை விழுங்க வரும் பெருவிழுங்கிச் செல்களும் வலைத்திசுவில் சேர, கண்ணில் கடும் வலியும் சிவப்பும் தோன்றி அழுத்தம் திடீரென உயர்கிறது.

இச்செல்கள் வடிகாலை அடைப்பதை 1955-இல் ஃப்ளாக்ஸ், லிட்வின், ஜிம்மர்மன் ஆகியோர் விளக்கினர். 1978-இல் எப்ஸ்டைன், ஜெட்ஜினியாக், கிரான்ட் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு படி மேலே சென்று, இந்நோயாளரின் முன்னறை நீரில் மிகப் பெரிய மூலக்கூறு எடையுள்ள வில்லைப் புரதம் இருப்பதைக் காட்டியதுடன், அத்தகைய புரதத்தைத் தானக் கண்களின் வடிகால் வழியே செலுத்தியபோது செல்களின் துணையின்றியே வடிதல் குறைவதையும் நிறுவினர். அறுவை செய்து வில்லையை அகற்றினால் பெரும்பாலும் அழுத்தம் இறங்கிவிடுகிறது. புரதத்தின் ஊற்று அடைபட்டதும் நோய் தணிவதால், இங்குக் காரணமும் விளைவும் ஐயமின்றி இணைகின்றன.

கண்புரை அறுவை எளிதில் கிடைக்கும் நாடுகளில் இந்நோய் அரிதாகிவிட்டது. தெற்காசியக் கிராமங்களில் இன்னும் காணப்படுகிறது. “புரை முற்றட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம்” என்ற பேச்சு தமிழகக் கிராமங்களில் பழக்கமானது. பழைய அறுவை முறையில் வில்லையை முழுமையாக வெளியெடுக்க வேண்டியிருந்த காலத்தில் அக்கருத்துக்கு ஒரு பொருள் இருந்தது. உட்பொருத்தும் செயற்கை வில்லையும் சிறுதுளை அறுவையும் வந்துவிட்ட பின் அதற்கு மருத்துவ அடிப்படை இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைக் கோவிந்தப்ப வேங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியதும், சென்னைச் சங்கர நேத்ராலயா 1978-இல் எழுந்ததும், ஊர் ஊராக நடந்த கண் முகாம்களும் தமிழகத்தில் புரை அறுவையைச் சாதாரண மக்களுக்கு எட்டச் செய்தன. அந்த வாய்ப்பைத் தள்ளிப்போடாமல் பயன்படுத்துவது, புரதக் கசிவால் வரும் பார்வை இழப்பை முற்றிலும் தவிர்க்கும் வழியாகும்.

சாம்பல் போன்ற படிவுகள்

கண்ணின் முற்பகுதித் திசுக்களில் சாம்பல் போன்ற வெண்ணிறத் துகள்கள் படியும் நிலை, 1917-இல் பின்லாந்தைச் சேர்ந்த லிண்ட்பெர்க் என்பவரால் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. போலிச் செதில் நோய்க்குறி என்று வழங்கத்தக்க இந்நிலையில் படிவது, பல புரதங்கள் பிணைந்து உருவான இழைத்திரள். அது வலைத்திசுவில் சேர்ந்து வடிதலைத் தடுக்க, சிலரிடம் கண் அழுத்த நோய் உருவாகிறது. அரவிந்த் மருத்துவமனையினர் தமிழகத்தின் தெற்கிலுள்ள மூன்று மாவட்டங்களில் 40 வயதைக் கடந்த 5150 பேரைச் சோதித்து 2003-இல் வெளியிட்ட முடிவில், இந்தப் படிவு 6 விழுக்காட்டினரிடம் இருந்ததும், அவர்களில் 7.5 விழுக்காட்டினருக்கு அழுத்த நோய் இருந்ததும் பதிவாகியுள்ளன. குளிர்நாட்டு நோயாகப் பாடநூல்கள் காட்டிவந்த நிலை தமிழ் நிலத்திலும் பரவலாக உள்ளது என்பதை இவ்வாய்வு உறுதிப்படுத்தியது.

எலாஸ்டின் எனப்படும் மீள்தன்மைப் புரதத்தின் இழைகளைப் பிணைக்கும் நொதி ஒன்றை உருவாக்கும் லாக்ஸ்எல்-1 என்ற மரபணுவின் மாறுபாடுகளுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை, ஐஸ்லாந்து, ஸ்வீடன் மக்களிடையே நடந்த ஆய்வு 2007-இல் காட்டியது. மறு ஆண்டே சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் இந்திய நோயாளரிடமும் இம்மரபணுவின் தொடர்பை உறுதிசெய்தனர். எனினும், ஒரு நாட்டவரிடம் இடர் தருவதாகத் தோன்றிய வடிவமே வேறொரு நாட்டவரிடம் காப்புத் தருவதாகத் தோன்றியதும், நோயற்ற பெரும்பாலோரிடமும் அது காணப்பட்டதும், மரபணு தனித்து இந்நோயைத் தீர்மானிப்பதில்லை என்பதை உணர்த்தின.

மடிப்புப் பிழைத்த மயோசிலின்

முற்றிய புரையில் புரதம் வெளியிலிருந்து வடிகாலை அடைகிறது. வடிகாலின் செல்களுக்குள்ளேயே புரதம் தேங்கும் வகைக்கு மயோசிலின் சான்றாகிறது. ஸ்டீராய்டு மருந்து பட்டதும் வலைத்திசுச் செல்கள் மிகுதியாக உற்பத்தி செய்யும் பொருள் எது என்று கலிபோர்னியாவில் தேடியபோது இப்புரதம் அடையாளம் காணப்பட்டது. 1997-இல் அயோவாப் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஸ்டோனும் அவருடன் உழைத்தோரும், இளம் வயதிலேயே தலைமுறை தலைமுறையாகக் கண் அழுத்த நோய் வரும் குடும்பங்களில் இதே புரதத்தின் மரபணு பழுதுபட்டிருப்பதைக் கண்டனர். கோணம் திறந்த வகை நோயாளரில் நூற்றுக்குச் சிலரிடம் மட்டுமே இப்பழுது உண்டு என்றாலும், நோயின் இயக்கத்தை விளக்குவதில் இதன் பங்கு மிகப் பெரிது. இந்திய நோயாளரிடமும் இம்மரபணுவின் பழுதுகள் கண்டறியப்பட்டுள்ளன.

மயோசிலின் 504 அமினோ அமிலங்களின் சங்கிலி. செல்லுக்குள் அது சரியாக மடிந்தால் வெளியே சுரக்கப்படுகிறது. பழுதுற்ற மயோசிலின் மடிப்புப் பிழைத்து, புரதங்களை மடித்து அனுப்பும் உள்வலைப் பகுதியிலேயே சிக்கிக்கொள்ள, செல் நெருக்கடிக்குள்ளாகி நாளடைவில் மடிகிறது. மயோசிலின் அடியோடு இல்லாத எலிகளுக்கு நோய் வரவில்லை. பழுதற்ற மயோசிலினை மிகுதியாக உற்பத்தி செய்த எலிகளுக்கும் வரவில்லை. பழுதுற்ற வடிவத்தைத் தாங்கிய எலிகளிடமே நோய் தோன்றியது. ஆகவே இங்குக் கேடு செய்வது புரதத்தின் இன்மையும் அன்று, தூய மிகுதியும் அன்று. வடிவப் பிழையுடன் கூடிய தேக்கமே.

இதனை ஆரணியின் மூலப்பொருளே விளக்கும். பட்டிழையின் உள்ளீடான ஃபைப்ராயின், கிளைசின், அலனின், செரின் ஆகிய அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வரும் ஒரு புரதம். பட்டுப்புழுவின் சுரப்பியில் அது நீர்மமாக அடர்ந்திருந்து, வெளியே இழுபடும்போது பீட்டாத் தகடு எனப்படும் அடுக்காக மடிந்து கரையாத வலிய இழையாகிறது. அதைச் சுற்றியுள்ள செரிசின் என்ற பசைப்புரதத்தைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நீக்கிய பிறகே சாயமேற்றுகின்றனர். ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் ராக்கெல் லீபர்மன் குழுவினர் நடத்திய ஆய்வுகள், மடிப்புப் பிழைத்த மயோசிலினும் அதே பீட்டாத் தகடு வகையைச் சார்ந்த அமிலாய்டு இழைகளாகத் திரள்வதைக் காட்டின. புழுவின் உடலுக்கு வெளியே, உரிய தருணத்தில் நிகழ்வதால் பட்டின் திரட்சி பயன் தருகிறது. செல்லின் உள்ளே, வெளியேற வழியின்றி நிகழ்வதால் மயோசிலினின் திரட்சி அழிவைத் தருகிறது.

மருந்து விளைக்கும் தேக்கம்

ஸ்டீராய்டுக் கண் சொட்டு மருந்து, ஒவ்வாமைக்கும் அழற்சிக்கும் பயனுள்ளது. ஆனால் அது வலைத்திசுச் செல்களை மயோசிலினோடு ஃபைப்ரோனெக்டின், கொலாஜன் முதலிய கட்டமைப்புப் புரதங்களையும் மிகுதியாகச் சுரக்கத் தூண்டுவதுடன், அவற்றை அகற்றும் பணியையும் மந்தப்படுத்துகிறது. வாரக்கணக்கில் இதனை இட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அழுத்தம் ஓரளவும், நூற்றில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு மிகவும் உயர்வதை 1960-களில் பெக்கரும் ஆர்மாலியும் தனித்தனியே கண்டனர். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பும். நெடுநாள் பயன்படுத்தியோருக்கு நரம்பழிவு நிலைத்துவிடலாம். கண் உறுத்தலுக்கும் சிவப்புக்கும் மருத்துவர் சீட்டின்றி மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் இடும் பழக்கம் நம் நாட்டில் பரவலாக இருப்பதால், தடுக்கக்கூடிய குருட்டுத்தன்மைக்கு இது ஒரு முக்கிய வழியாகிவிடுகிறது.

காரணமும் விளைவும்

எந்தப் பழுதும் மருந்தும் இல்லாமல் வரும் பொதுவான கோணம் திறந்த நோயிலும் புரத மிகுதி காணப்படுகிறது. திசுக்களில் இழைப்புரதம் படியத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா-2 என்ற வளர்ச்சிக் காரணி இந்நோயாளரின் முன்னறை நீரில் உயர்ந்திருப்பதை 1994-இல் திரிபாதி குழுவினர் தெரிவித்தனர். 2005-இல் சஞ்ஜய் பட்டாச்சார்யா குழுவினர், உட்செவியில் அறியப்பட்டிருந்த காக்லின் என்ற புரதம் நோயாளரின் வலைத்திசுவில் படிந்திருப்பதைக் கண்டனர். இத்தகைய முடிவுகளை வாசிக்கும்போது, நோயுற்ற திசுவில் ஒரு புரதம் மிகுந்திருப்பது அது நோயை உண்டாக்கியதற்குச் சான்றாகாது என்பதை மறந்துவிடக்கூடாது. நோய் முற்றியபின் எதிர்வினையாகவும் அது மிகுந்திருக்கலாம்.

புரதத்தைக் கூட்டினால் அழுத்தம் ஏறுவதும், குறைத்தால் இறங்குவதும் ஒருசேரக் காட்டப்படும்போதே காரணத்தொடர்பு வலுப்பெறுகிறது. ஸ்பார்க் என்ற கட்டமைப்பு ஒழுங்குப் புரதம் இத்தேர்வில் தேறியுள்ளது: அது இல்லாத எலிகளின் கண்ணழுத்தம் இயல்பைவிடக் குறைவாகவும், அதை வலைத்திசுவில் மிகுவித்தபோது அழுத்தம் உயர்ந்தும் காணப்பட்டன. ஏஎன்ஜிபிடிஎல்-7 என்ற புரதத்துக்கான சான்று மனிதரிடமிருந்தே வந்தது. இதனை உருவாக்கும் மரபணுவின் செயல் குன்றிய வடிவத்தைப் பிறவியிலேயே பெற்றவர்களுக்குக் கண்ணழுத்தமும் கண் அழுத்த நோயும் குறைவாக இருப்பதைப் பெருந்தொகை மரபணு ஆய்வுகள் 2020 முதல் வெளிக்கொணர்ந்தன. இப்புரதத்தைக் குறைப்பது பாதுகாப்பான மருத்துவ வழியாகலாம் என்ற நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை.

மடிப்புப் பிழையைத் திருத்தும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. புரதம் மடிவதற்குத் துணைசெய்யும் ஃபினைல்பியூட்டிரேட் என்ற பொருள், பழுதுற்ற மயோசிலின் கொண்ட எலிகளின் அழுத்தத்தைக் குறைத்ததை 2011-இலும், கிரிஸ்பர் முறையில் அந்தப் பழுது மரபணுவையே முடக்கி எலிகளின் நோயைத் தணித்ததை 2017-இலும் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். வலைத்திசுவின் இறுக்கத்தைத் தளர்த்தி நீரை வடியச் செய்யும் மருந்து வகையைச் சேர்ந்த ரிபாசுடில் 2014-இல் ஜப்பானிலும், நெடார்சுடில் 2017-இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றன. நீர்ச் சுரப்பைக் குறைப்பதையோ வேறு வழியில் நீரை வடியச் செய்வதையோ பெரிதும் சார்ந்திருந்த மருத்துவம், பழுதான வடிகாலையே நோக்கித் திரும்பியிருப்பதற்கு இவை அடையாளங்கள்.

நடைமுறைக்கு உரியது

மேற்கூறியவற்றுள் மரபணுத் திருத்தம் நாளைய மருத்துவத்துக்கு உரியது. ஆனால் புரதத் தேக்கத்தின் மூன்று வடிவங்கள் இன்றைக்கே தடுக்கவோ கண்டறியவோ கூடியவை. முற்றிய புரையை அறுவையால் தவிர்க்கலாம். ஸ்டீராய்டுத் தேக்கத்தை மருத்துவர் மேற்பார்வையால் தவிர்க்கலாம். சாம்பல் படிவைப் பாவையை விரித்துச் செய்யும் நுண்ணோக்கிச் சோதனையில் காணலாம். கோணம் குறுகிய கண்கள் வேலூர் வட்டாரத்தில் கணிசமாக இருப்பதால், பாவையை விரிக்குமுன் கோணத்தைப் பார்த்துக்கொள்வதும் இன்றியமையாதது. அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பிவிடும் முகாம், இயல்பான அழுத்தத்திலேயே நரம்பு அழியும் நோயாளர்களைத் தவறவிட்டுவிடும். பார்வை நரம்பின் தலைப்பகுதியைப் பார்ப்பதும், ஐயமிருப்பின் பார்வைப் பரப்பைச் சோதிப்பதும் அதனுடன் சேர வேண்டும்.

ஆரணி போன்ற ஊரில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள், தறி நெய்வோர் ஒன்றுகூடும் ஆயத்த அமைப்புகளாக உள்ளன. 40 வயதைத் தாண்டியவர்களுக்கும், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கும் அவற்றின் வழியாக ஆண்டுதோறும் முழுமையான கண் சோதனைக்கு ஏற்பாடு செய்வது பெரும் செலவில்லாத காரியம். கண்ணாடி எழுதித் தருவதோடு முகாம் முடிந்துவிட்டால், நடுப்பார்வை தெளிவாக இருக்கும் நோயாளரே முதலில் விடுபடுவார். இழந்த நரம்பிழையை மீட்கும் மருந்து இல்லாத நிலையில், இருப்பதைக் காப்பதே மருத்துவத்தின் முழுப் பணியாகிறது. அப்பணியைத் தொடங்குவதற்குரிய காலம், நோயாளர் தம் கண்ணில் எந்தக் குறையையும் உணராதிருக்கும் காலமே.